போட்டோவில் பின்னால் நின்றவர்

எனக்குக் கடல் பிடிக்காது. கடலூரில் பிறந்து, கடலூர் கோர்ட்டிலேயே டைப்பிஸ்டாக முப்பது வருடம் உட்கார்ந்தவன் இப்படிச் சொன்னால் ஆளுக்காள் சிரிப்பார்கள். பிடிக்காமல் போனது 2004 டிசம்பரில். மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து தேவனாம்பட்டினம் பீச்சுக்கு டிவிஎஸ் வண்டியில் போனால் பத்து நிமிஷம் ஆகாது. அந்தப் பத்து நிமிஷத் தூரத்தை நான் ஆறு வருடம் கடக்கவில்லை. சொந்தக்காரர்கள் வந்து, பிள்ளைகளைப் பீச்சுக்கு அழைத்துப்போகச் சொன்னால், தலைவலி என்று சொல்லிப் படுத்துவிடுவேன். அப்படிப்பட்டவனைத்தான் 2010 அக்டோபரில் விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோய், எந்தப் பக்கம் திரும்பினாலும் கடலாக இருக்கிற ஸ்பெயின் நாட்டு ஊர் ஒன்றில் இறக்கினார்கள்.

அந்த ஊருக்குப் பெயர் காடிஸ். என் மகளைக் கட்டிய மாப்பிள்ளை அங்கே கப்பல் கட்டும் தளத்தில் இன்ஜினியர். ஒரு மாசம் வந்து இருந்துவிட்டுப் போங்கள் என்று இரண்டு பேரும் நச்சரித்தார்கள். என் மனைவிக்குப் பாஸ்போர்ட் கைக்கு வந்த நாளிலிருந்து தரையில் கால் பாவவில்லை. எனக்கு மட்டும் தப்பிக்க வழி கிடைக்கவில்லை.

அதற்கு முன்னால் என் தங்கையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இது ஏதோ ஊர் சுற்றிய கதையாகிவிடும்.

அவளுக்கும் எனக்கும் பதிமூன்று வயசு வித்தியாசம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளைப் படிக்கவைத்து, சிதம்பரத்தில் மருந்துக்கடை வைத்திருந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தது நான். கல்யாணமாகி ஒன்பது வருடம் குழந்தை இல்லை. போகாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. ஒருவழியாக 2004-ல் உண்டானாள். மார்கழி கழிந்து தை பிறந்ததும் வளைகாப்பு என்று பேசினோம். அதைப் பற்றிப் பேசத்தான் அவள் கணவர் டிசம்பர் மாசச் சனிக்கிழமை ஒன்றில் என் வீட்டுக்கு வந்தார். தங்கை சிதம்பரத்திலேயே இருந்துவிட்டாள். ஆருத்ரா தரிசனத்துக்காக ஊரில் கூட்டம் சேர்ந்திருந்தது, கர்ப்பிணிப் பெண் பஸ்ஸில் இடிபட வேண்டாம் என்று.

அவர் வந்தால் மறுநாள் காலையில் நாங்கள் இரண்டு பேரும் பீச்சுக்கு நடக்கப் போவது வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஜலதோஷம். போர்வையைவிட்டு வர மனசில்லை.

“நீங்க படுங்க மச்சான். நான் ஒரு நடை போய்ட்டு வந்துடறேன்” என்றார். காபி குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் அலை வந்தது.

இரண்டு நாள் தேடினேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு பலகையில் போட்டோக்கள் ஒட்டியிருந்தார்கள். யாரென்று தெரியாமலே முந்தின நாள் மொத்தமாகப் புதைத்துவிட்டவர்களின் படங்கள். முகங்கள் முகங்களாக இல்லை. மூன்றாவது வரிசையில் அவர் இருந்தார். சின்ன வயதில் நாய் கடித்து அவருக்கு வலது காதின் மேல் நுனி கொஞ்சம் இருக்காது. முகம் எப்படி ஊதியிருந்தாலும் காது அப்படியே இருந்தது. பக்கத்தில் நோட்டு வைத்துக்கொண்டு நின்ற போலீஸ்காரர், “உங்க ஆளா சார்?” என்று கேட்டார்.

“இல்ல” என்றேன்.

நாள் முழுக்க அடுத்தவர்கள் சத்தியம் செய்து சொல்வதை டைப் அடிக்கிறவன் நான். பொய் சாட்சி எப்படித் திருதிருவென்று விழிப்பான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு என் கண் இமைகூட ஆடவில்லை. என் தலைக்குள் இருந்தது ஒரே ஒரு கணக்கு. காணாமல் போனவர் மனைவிக்கு வளைகாப்பு செய்யலாம். செத்தவர் மனைவிக்குச் செய்ய மாட்டார்கள். ஒன்பது வருடம் காத்திருந்த பெண்ணுக்கு இரண்டு கை நிறைய வளையல் போட்டு, நல்லபடியாகப் பிள்ளை பிறக்கட்டும், அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். புதைத்தது புதைத்தாயிற்று, நாலு மாசம் தள்ளிச் சொன்னால் என்ன என்று நினைத்தேன்.

தை மாசம் வளைகாப்பு நடந்தது. அவள் அழுதுகொண்டே கையை நீட்டினாள், வந்திருந்த பெண்கள் அழுதுகொண்டே போட்டார்கள். சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. பால் குடிக்கிற குழந்தை, தாய்க்கு அதிர்ச்சி கூடாது என்று தள்ளினேன். பிறகு குழந்தை நடக்கட்டும் என்றேன், பேசட்டும் என்றேன். ஒரு பொய்யைச் சொல்வது சுலபமாக இருந்தது. அதைத் திரும்ப எடுக்கத்தான் எனக்கு நாள் நட்சத்திரம் கூடிவரவில்லை. என் மனைவியிடம்கூட நான் சொல்லவில்லை.

தங்கை பொட்டும் தாலியுமாகவே இருந்தாள். கணவரின் கடையை அவளே பார்த்துக்கொண்டாள். யார் கேட்டாலும், “வருவாரு” என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவள் பார்வைதான் மாறிவிட்டது. டிவியில் எந்த ஊர்க் கூட்டத்தைக் காட்டினாலும் எழுந்து கிட்டே போய் நிற்பாள். ஆனித் திருமஞ்சனத் தேர் கீழ வீதியில் வரும்போது ஊரே சாமியைப் பார்க்கும், இவள் தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்ப்பாள். ஒவ்வொரு முகமாக, அவசரப்படாமல் பார்ப்பாள். பக்கத்தில் நிற்கிற நான் தேரைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நாங்கள் ஸ்பெயினுக்குக் கிளம்புவதற்கு முன்னால் வந்து ஊறுகாயும் பருப்புப்பொடியும் கொடுத்தாள். கிளம்பும்போது, “எல்லா எடத்துலயும் போட்டோ எடுண்ணா. ஜனங்க ஜாஸ்தியா இருக்கற எடமா பாத்து எடு” என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

சென்னையில் விமானம் மேலே ஏறி வளைந்தபோது ஜன்னல் முழுக்கக் கடல் வந்தது. கரையில் வெள்ளைக் கோடாக அலை தெரிந்தது. அது அசைகிற மாதிரியே தெரியவில்லை, சத்தமும் இல்லை. நான் ஜன்னல் மூடியை இழுத்துவிட்டேன். “மொத மொத ஏறியிருக்கோம், வேடிக்கை பாக்க வுடுறீங்களா” என்று என் மனைவி மறுபடி திறந்தாள். துபாயில் ஒரு விமானம், மாட்ரிட்டில் ஒரு விமானம் என்று மாறி, கடைசியில் ஒரு சின்ன ஊரில் இறங்கி, அங்கிருந்து மாப்பிள்ளை காரில் கூட்டிப்போனார். காடிஸ் நெருங்கும்போது ரோட்டுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர். கடலுக்குள் நீட்டிய கை மாதிரி ஒரு நிலம், அதன் உள்ளங்கையில் ஊர்.

அழகான ஊர்தான். பொய் சொல்லக் கூடாது. வெள்ளை வீடுகள், கப்பல் வருகிறதா என்று பார்க்க அந்தக் காலத்து வியாபாரிகள் மொட்டை மாடிகளில் கட்டிவைத்த கோபுரங்கள், மஞ்சள் குவிமாடம் வைத்த பெரிய மாதா கோயில், காகிதத்தைச் சுருட்டி அதில் போட்டுக் கொடுக்கும் பொரித்த மீன். என் மனைவி நாலே நாளில் மீன்காரியிடம் தமிழிலேயே பேரம் பேசப் பழகிவிட்டாள். எனக்குத்தான் அந்தத் தெருக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் தோள் இடிக்கிற சந்துகள். எந்தச் சந்தில் நுழைந்தாலும் கடைசியில் ஒரு வெளிச்சம் தெரியும், அந்த வெளிச்சம் கடலாக இருக்கும். திரும்பி வேறு சந்தில் போனால் அதன் கடைசியிலும் அதுவே நிற்கும். கிழக்கிலிருந்து ஒரு காற்று வீசுகிற நாளில் ஜன்னல்கள் ஊளையிடும். அந்தக் காற்று வந்தால் இந்த ஊர்க்காரர்களுக்குப் புத்தி பேதலிக்கும் என்று சொல்வார்களாம். மாப்பிள்ளை அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார்.

முதல் வாரம் ஒரு குறுகலான தெருவில் சின்ன மாதா கோயில் ஒன்றைக் காட்டினார். சுவரில் எழுத்து பொறித்திருந்தது.

“மாமா, இங்கயும் அலை வந்திருக்கு. எரநூத்தம்பது வருஷம் ஆச்சு. தண்ணி இதுவரைக்கும் வந்து நின்னுடுச்சாம்” என்றவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் ஒருவர் காணாமல் போனது அவருக்குத் தெரியும்.

“சொல்லுங்க மாப்ள, பரவால்ல” என்றேன்.

நவம்பர் முதல் தேதி, பண்டிகை நாள், காலை நேரமாம். ஜனங்கள் கோயிலில் இருந்தபோது கடல் ஊருக்குள் வந்திருக்கிறது. கோயில் சாமியார் கொடியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடி, தண்ணீருக்கு முன்னால் நட்டு, இதோடு போதும் தாயே என்றாராம். தண்ணீர் அங்கேயே நின்று திரும்பிப் போனதாம். நான் அந்தச் சுவரைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. எங்கள் ஊரில் கொடி நட யாரும் போகவில்லை. கூடப் போக வேண்டியவன் ஜலதோஷம் என்று படுத்திருந்தான்.

இன்னொரு நாள் பெரிய மாதா கோயிலுக்குக் கீழே இருக்கிற கல்லறை அறைக்கு இறங்கினோம். வட்டமான அறை. கூரை கிட்டத்தட்டத் தட்டையாக இருந்தது. தூண் இல்லாமல் அவ்வளவு கல் எப்படி நிற்கிறது என்று புரியவில்லை. கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறோம் என்று மாப்பிள்ளை சொன்னார். சுவரில் காதை வைத்துக் கேட்டபோது அந்தப் பக்கம் எதுவோ வந்து மோதி, பின்வாங்கி, மறுபடி மோதியது. நான் அறியாமலே என் வாயிலிருந்து “மாப்ள” என்று மெல்ல வந்துவிட்டது. என் தங்கை கணவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

“சொல்லுங்க” என்றது சுவர், என் காதருகே.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அறையின் மறுகோடியில், எனக்கு முதுகைக் காட்டி நின்ற என் மகளின் கணவர்தான் பதில் சொன்னது. இந்த வட்டச் சுவரில் முணுமுணுத்தால் எதிர்ப்பக்கம் கேட்குமாம். எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி தண்ணீர் கொடுத்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அது என் மகளின் கணவர் குரல் இல்லை என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

ஊர் நடுவே ஒரு கோபுரத்தில் இருட்டறை ஒன்று வைத்திருந்தார்கள். நடுவில் வெள்ளையாக ஒரு பெரிய தாம்பாளம். கூரையில் இருக்கும் கண்ணாடி வழியாக வெளியே நடப்பது அப்படியே அந்தத் தாம்பாளத்தில் விழும். சினிமா இல்லை, அந்த நிமிஷத்து ஊர். கொடியில் துணி ஆடுகிறது, கார் போகிறது, கடற்பறவை பறக்கிறது, எதற்கும் சத்தமில்லை. கண்ணாடியைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்த பெண் ஒரு மொட்டை மாடியில் கொஞ்சம் நிறுத்தினாள். அங்கே ஒருவர் கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். கைகளைப் பின்னால் கட்டி, வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்து, உடம்பை ஒரு காலில் சாய்த்து. கடையில் கூட்டமில்லாத நேரத்தில் என் தங்கை கணவர் வாசலில் வந்து நிற்பது அப்படித்தான். நான் குனிந்தேன். கட்டைவிரல் அளவு உருவம். கண்ணாடி நகர்ந்துவிட்டது. மறுபடி அந்தப் பக்கம் காட்டச் சொல்ல எனக்குப் பாஷை தெரியவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

நவம்பர் முதல் தேதி அந்தச் சின்னக் கோயிலிலிருந்து மாதாவை ஊர்வலமாகக் கடல்பக்கம் கொண்டுபோனார்கள். நான் வரவில்லை என்றேன், யாரும் கேட்கவில்லை. ஆறு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒரு கடற்கரைக்குப் பக்கத்தில் போனேன். அங்கே நம் ஊர் ஆலமரம் போலவே விழுதுவிட்ட பிரம்மாண்டமான மரங்கள் இருக்கின்றன. இந்தியாவிலிருந்து யாரோ கொண்டுவந்து நட்டது என்று பேசிக்கொள்வார்களாம். அதன் அடியில் நின்று மகள் எங்களை நிறையப் போட்டோ எடுத்தாள். ஊர்வலம் வந்ததும் எல்லாரும் மாதாவைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், நான் மாதாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைப் புதைத்தது தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான். நான் யாரைத் தேடினேன்?

நவம்பர் கடைசியில் கடலூருக்குத் திரும்பினோம். நல்ல மழை. ஸ்டூடியோவில் எல்லாப் போட்டோவையும் பிரிண்ட் போட்டு, இரண்டு ஆல்பத்தில் சொருகினேன். வெளிநாடு போய்வந்தவன் ஆல்பத்தோடு நாலு வீட்டுக்குப் போய், சாக்லேட்டும் கொடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் சொல்லாவிட்டால் போனதாகவே கணக்கில் சேராது. முதலில் சிதம்பரம்தான் போனேன்.

தங்கை ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டாள். மருந்து அட்டையில் பொடி எழுத்துப் படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டாள். படங்களில் நானும் என் மனைவியும் இளித்துக்கொண்டு நிற்கிறோம். அவள் எங்களைப் பார்க்கவே இல்லை. எங்கள் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே போனாள். பத்துப் பன்னிரண்டு பக்கம் தாண்டியதும் அவள் கை நின்றது.

“அண்ணா, இது யாரு?”

பெரிய மாதா கோயில் வாசல். எங்களுக்குப் பின்னால், படிக்கட்டு ஓரம், ஒருவர் முதுகைக் காட்டி நிற்கிறார். கைகள் பின்னால். வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது.

“யாரோ ஊர் பாக்க வந்தவன்” என்றேன்.

அவள் பக்கங்களைத் திருப்பினாள். மறுபடி நிறுத்தினாள். ஒரு சந்தின் கடைசியில், எங்களுக்கு வெகு தூரத்தில், அதே முதுகு. இன்னும் நாலு பக்கம். விழுது மரத்தடியில், ஊர்வலக் கூட்டத்தில், பாதி திரும்பிய நிலையில், அதே ஆள்.

“இங்கயும் நிக்கிறாரு பாருண்ணா” என்றாள். கொஞ்சம் முன்னால்வரை யாரு என்று கேட்டவள்.

சின்ன ஊர், சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வழியாகத்தான் சுற்றுவார்கள், ஒரே ஆள் நாலு படத்தில் விழுவது சகஜம் என்று சொன்னேன். நான் சொன்னது நியாயம்தான். படத்தின் மூலையில் கேமரா போட்ட தேதிகளை அவள் விரலால் காட்டினாள். மூன்றும் வேறு வேறு நாட்கள். முதலாவதுக்கும் கடைசிக்கும் நடுவில் பதினோரு நாள். எனக்கு அந்தக் கோபுரத்து இருட்டறை ஞாபகம் வந்தது. அந்தப் படங்களில் நிற்பவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எடுக்கும்போது எங்கள் ஒருவர் கண்ணிலும் அவர் படவில்லை.

ஒரு வாரத்தில் போன் செய்தாள். கடைசிப் படத்தைச் சிதம்பரத்தில் பெரிசாக்கி வாங்கியிருந்தாள்.

“காது தெரியுதுண்ணா” என்றாள். குரலில் நடுக்கமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

போய்ப் பார்த்தேன். பெரிசாக்கியதில் எல்லாம் புள்ளி புள்ளியாகப் போயிருந்தது. அந்தப் புள்ளிகளுக்கு நடுவே காது போல ஒன்று இருந்தது. அதன் மேல் நுனி இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. அவள் தானாகவே பேசிக்கொண்டு போனாள். தலையில அடிபட்டு நெனப்பு தப்பியிருக்கும். ஏதாச்சும் கப்பல் எடுத்துப்போட்டுகினு போயிருக்கும். பரங்கிப்பேட்டை ஆளுங்க எந்த ஊர்லதான் இல்ல, யாரோ ஒருத்தர் கூட்டிகினு போயிருக்கலாம். ஆறு வருடமாக மூடியிருந்த வாய் நிற்கவில்லை. மேஜையில் பாஸ்போர்ட் பாரம் இருந்தது. கணவர் பெயர் என்ற இடத்தில் அழகாக எழுதியிருந்தாள். கடையை யாரிடமாவது விட்டுவிட்டு, குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறாளாம். என் மாப்பிள்ளை வீட்டில் தங்கிக்கொள்வாளாம்.

இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் பாரத்தில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்துவிட்டு, பஸ் ஏறி வந்துவிட்டேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

என்னை உடைத்தது அவளுடைய மகள். பொங்கலுக்கு வந்திருந்தபோது, கரும்பைக் கடித்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஐந்தரை வயசு.

“மாமா, நீங்க எங்கப்பா பக்கத்துலயே நின்னீங்களாமே. போட்டோல இருக்கு.”

கரும்புச் சக்கையைத் துப்பினாள்.

“ஏன் மாமா அவருகூட பேசல?”

பொங்கல் கழிந்து ஸ்கூல் திறந்த அன்று காலை சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன். குழந்தை ஸ்கூலுக்குப் போயிருந்தது. தங்கை கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னேன். கோர்ட்டில் சாட்சிக்காரர்கள் சொல்வது போலத் தேதி, இடம், பலகை, மூன்றாவது வரிசை என்று வரிசையாகச் சொல்லி முடித்தேன். அழக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். எனக்கு அழ என்ன யோக்கியதை இருக்கிறது.

“காது?” என்று மட்டும் கேட்டாள்.

“பாத்தேன்மா. நல்லா பாத்தேன்.”

“எங்க பொதச்சாங்க?”

“தெரியல. மொத்தமா...”

சாபம் விடுவாள், ஆல்பத்தை எடுத்து முகத்தில் எறிவாள், இனி என் வாசலை மிதிக்காதே என்பாள். பஸ்ஸில் வரும்போதே எல்லாவற்றுக்கும் தயாராகித்தான் வந்தேன். அவள் கோபப்படவில்லை. வெகு நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஆட்டோ ஒன்று தண்ணீர்க் கேன்களை இறக்கிவிட்டுப் போயிற்று.

“நான் அவரத் திட்டாத நாளே இல்லண்ணா” என்றாள். “வெளியில வருவாரு வருவாருன்னு சொன்னேன். உள்ளுக்குள்ள வேற நெனச்சிகினு இருந்தேன். உயிரோடதான் இருக்காரு, புள்ள வந்ததும் எங்கள வேணாம்னு எங்கியோ போயிட்டாருன்னு நெனச்சேன். கூட்டத்துல தேடனதெல்லாம் கண்டுபுடிச்சி நாலு வார்த்த கேக்கறதுக்குத்தான். அந்த ஊருக்கும் அதுக்குத்தான் போறதா இருந்தேன்.”

முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

“செத்துட்டாருன்னு சொல்லியிருந்தா அழுதிருப்பேனே. ஒன்னப் போயி இப்படி நெனச்சனே, ஒன்னப் போயி...” என்றாள். அது என்னிடம் சொன்னதில்லை.

பிறகு அவள் அழுதாள். ஆறு வருடத்தில் அவள் கண்ணீர் விட்டுப் பார்த்திருக்கிறேன். இது வேறு. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, மார்பில் அடித்துக்கொண்டு, இழவு வீட்டில் உயிர் பிரிந்ததும் எழுகிற ஓலம். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். உதறிவிட்டாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மா ஈரக் கையோடு ஓடி வந்து வாசலில் நின்றார்.

“என்னாச்சி? யாருக்கு என்னா?”

“எங்க வூட்டுக்காரரு பூட்டாருக்கா” என்றாள் தங்கை.

“ஐயையோ! எப்ப?”

“இப்பதாங்க்கா” என்றாள்.